எடிட்டருக்குள் ஒலி கேட்கும் பிளகினும் பில்டில் குறைந்த குரலும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வசனம் நிறைந்த ஒரு கதை விளையாட்டை கோடோ 4 என்னும் விளையாட்டு எஞ்சினில் செய்துகொண்டிருந்த சின்னக் குழு இது. நிரல் எழுத ஒருவர், ஒலிக்கு ஒருவர், வசனத்தையும் சப்டைட்டிலையும் பார்த்துக்கொள்ள இருவர், ஒவ்வொரு பில்டையும் (ஏற்றுமதியாகி வரும் விளையாட்டுப் பதிப்பையும்) விளையாடிப் பார்த்துக் குறை சொல்ல ஒருவர். இவர்களுடைய ஒலி வேலைக்குப் பக்கத்திலிருந்து உதவியதால் நடந்ததை முதலிலிருந்தே பார்த்தேன். எடிட்டர் பிளகினில், அதாவது எஞ்சினின் வேலைத் திரையில் கூடுதலாகச் சேர்க்கும் கருவியில், ஒலியைச் சேர்க்கிற யாரும் இதே இடத்தில் சிக்க வாய்ப்பு உண்டு என்பதால் எழுதி வைக்கிறேன்.

ஒவ்வொரு வசன ஒலிக்கோப்பிலும் எந்த நேரத்தில் எந்த வரி திரைக்கு வர வேண்டும் என்று குறி வைப்பதுதான் வேலை. அதுவரை வசனக்காரர்கள் வெளியே ஓர் ஒலி மென்பொருளில் கோப்பைத் திறந்து, நேரத்தைப் பார்த்து, எஞ்சினில் கையால் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். 2.35 என்பது 3.25 ஆகிவிடும். ஒரு வசனம் திரும்பப் பதிவானால் அதற்கான எல்லா எண்ணும் மறுபடி முதலிலிருந்து. பொறுக்க முடியாமல் நிரலாளர் எடிட்டருக்குள்ளேயே ஒரு பிளகின் எழுதினார். கீழ்ப் பலகையில் அலைவடிவம் தெரியும். ஒரு பிளே பட்டன், ஓர் ஒலியளவு ஸ்லைடர், 'வசனம் மட்டும்' என்று இன்னொரு பட்டன். கேட்டுக்கொண்டே ஒரு விசையை அழுத்தினால் அந்த இடத்தில் குறி விழும்.

நிரலாளர் யூனிட்டி என்ற இன்னொரு எஞ்சினில் பழகியவர். அங்கே எடிட்டரில் ஒலித்துண்டைக் கேட்க உதவும் 'ஆடியோயூட்டில்' வகுப்பு எஞ்சினுக்கு உள்ளேயே வைக்கப்பட்டது, பொதுவில் திறந்துவிடப்படவில்லை. ரிஃப்ளெக்ஷன் வழியாகத்தான், அதாவது ஓடும்போது பெயரைத் தேடிப் பிடித்துத்தான், அதைக் கூப்பிட முடியும். 'பிளேகிளிப்' என்றிருந்த பெயர் 2020 வரிசைப் பதிப்புகளில் 'பிளேபிரிவியூகிளிப்' என்று மாறியபோது, பழைய பெயரைத் தேடிய பிளகின்கள் ஊமையாகின. கோடோவில் அந்தத் தொல்லை இல்லை. விளையாட்டில் ஒலியை இயக்கும் அதே 'ஆடியோஸ்ட்ரீம்பிளேயர்' நோடை (எஞ்சினின் கட்டுமான அலகை) எடிட்டரிலும் வைத்து இயக்கலாம். வசதிதான். ஆனால் அதனாலேயே, விளையாட்டுக்குச் சொந்தமான பொருள்களைக் கருவியும் தொடுகிறது. பின்னால் வந்த பெரிய சிக்கல் முழுவதும் இங்கிருந்துதான் கிளம்பியது.

முதல் வடிவம்

ஆரம்பத் தடங்கல்கள் எல்லோருக்கும் வருபவை, சீக்கிரமாகவே சொல்லிவிடலாம். பிளே அழுத்தினால் சத்தமே இல்லை. பிளேயர் நோடை உருவாக்கியிருந்தார், நோடுகளின் மரத்தில் சேர்க்கவில்லை. மரத்துக்குள் இல்லாத நோட் ஒலியை இயக்காது, பிழைச் செய்தி மட்டும் வரும். ஸ்கிரிப்டின் தலையில் 'டூல்' குறிப்பு இல்லாவிட்டால் எடிட்டரில் அது ஓடவே ஓடாது என்பதும் அதே வகை. இரண்டும் அன்றைக்கே சரியாகிவிட்டன.

அடுத்து வந்தது கொஞ்சம் வேடிக்கையானது. பிளகினை அணைத்து மறுபடி இயக்கினால் ஒரே வசனம் இரண்டு குரலாகக் கேட்டது, ஒன்றுக்கொன்று சற்றுப் பின்தங்கி. பிளேயரை எடிட்டரின் அடிப்படைக் கண்ட்ரோலுக்குக் குழந்தையாகச் சேர்த்திருந்தார். பிளகின் போன பிறகும் அது அங்கேயே தங்கிவிட்டது. கீழ்ப் பலகையை நீக்கும் கட்டளை பலகையைக் கழற்றி மட்டுமே விடும், அழிக்காது. அழிக்கும் வேலை பிளகினுடையது. ஆகவே பிளேயரைப் பலகைக்கு உள்ளேயே வைத்து, பிளகின் வெளியேறும் 'எக்ஸிட் ட்ரீ' கட்டத்தில் ஒலியை நிறுத்தி, பலகையோடு சேர்த்து விடுவிக்கும்படி மாற்றினார். அதோடு அந்த இரட்டைக் குரல் நின்றது.

குறிகள் தள்ளிப்போயின

பிளகின் வேலை செய்யத் தொடங்கியதும் வசனக்காரர்கள் மகிழ்ச்சியாகக் குறி வைக்க ஆரம்பித்தார்கள். சில நாளில் ஒலி வடிவமைப்பாளர் ஒன்றைக் கவனித்தார். குறிகள் சொல்லின் தொடக்கத்தில் உட்காரவில்லை. சில முன்னால், சில பின்னால். கை பழக்கம் என்று விட்டுவிட முடியவில்லை, ஏனென்றால் இருவரில் ஒருவருடைய குறிகள் எப்போதுமே பின்னால்தான் விழுந்தன, அதுவும் தாராளமாக.

பார்த்தபோது காரணம் மூன்று அடுக்காக இருந்தது. முதலாவது, பிளேயரிடம் இப்போது எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் அது சொல்லும் எண் தொடர்ச்சியாக நகர்வதில்லை. எஞ்சின் ஒலியைத் துண்டு துண்டாகக் கலக்கிறது, எண்ணும் துண்டு துண்டாகவே தாவுகிறது. 44,100 ஹெர்ட்ஸில் 512 மாதிரிகள் கொண்ட ஒரு துண்டு என்றால் அது சுமார் 11.6 மில்லிவினாடி. இரண்டு தாவலுக்கு நடுவில் விசையை அழுத்தினால் பழைய எண்தான் கிடைக்கும். இரண்டாவது, கலந்து முடிந்த ஒலி உடனே காதுக்கு வருவதில்லை. வெளியீட்டுத் தாமதம் என்று ஒன்று உண்டு. அதனால் எஞ்சின் சொல்லும் இடம், நாம் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தைக் கொஞ்சம் தாண்டியிருக்கும்.

இந்த இரண்டுக்கும் எஞ்சினின் ஆவணத்திலேயே வழி இருக்கிறது. பிளேயர் சொல்லும் நேரத்தோடு, கடைசியாகக் கலந்ததிலிருந்து கடந்த நேரத்தைக் கூட்டி, வெளியீட்டுத் தாமதத்தைக் கழிக்க வேண்டும். தாமதத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் கேட்பது கனமான வேலை என்பதால் ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால் போதும். ஒலிக்கும் வரைதலுக்கும் தனித்தனி இழைகள் என்பதால் கணக்குப் போட்ட நேரம் சில சமயம் முந்தைய ஃபிரேமைவிடக் குறைவாகவும் வரும். அப்படி வந்தால் அதை ஒதுக்கிவிட்டு முந்தையதையே வைத்துக்கொள்ளும்படி ஒரு நிபந்தனை சேர்த்தார்கள். அலைவடிவத்தின் மேல் ஓடும் கோடு நடுங்குவது அதோடு நின்றது.

இங்கே ஆவணத்தைத் தாண்டி அவர்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்த ஒரு நுணுக்கம் உண்டு. வேகமான வசனங்களுக்கு ஒலியை மெதுவாக்கிக் கேட்கும் வசதி பிளகினில் இருந்தது, 'பிட்ச் ஸ்கேல்' வழியாக. குரல் தடித்துக் கேட்கும், ஆனால் சொல்லின் விளிம்பு தெளிவாகத் தெரியும். அப்போது மேலே சொன்ன திருத்தத்தையும் அதே விகிதத்தால் பெருக்க வேண்டும். திருத்தம் நம்முடைய கடிகார நேரம், குறியோ கோப்பின் நேரம். பாதி வேகத்தில் ஓடும்போது கடிகாரத்தின் 20 மில்லிவினாடி கோப்பில் 10தான். பெருக்காமல் விட்டதால் மெதுவாகக் கேட்டு வைத்த குறிகள் மட்டும் தனியாக விலகி நின்றன.

மூன்றாவது அடுக்கு ப்ளூடூத். எப்போதும் பின்னால் குறி வைத்தவர் கம்பியில்லா ஹெட்ஃபோன் போட்டிருந்தார். அந்தத் தாமதம் 100 மில்லிவினாடியையும் தாண்டலாம், அது முழுவதும் எஞ்சினுக்குத் தெரியும் என்று நம்ப முடியாது. குறி வைக்கும் வேலைக்குக் கம்பி ஹெட்ஃபோன் என்று முடிவெடுத்தார்கள். அதோடு ஆளுக்கு ஒரு திருத்த எண்ணைப் போட ஒரு பெட்டியும் சேர்த்தார்கள். அந்த எண் ப்ராஜெக்ட் அமைப்பில் போகவில்லை, எடிட்டர் அமைப்பில் போனது. எடிட்டர் அமைப்பு அவரவர் கணினியோடு இருப்பது, குழுவின் கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டுக்குள் ஏறாதது. ஒருவருடைய காதுக்கான எண்ணை எல்லோருக்கும் அனுப்பக் கூடாது என்று நிரலாளர் காரணம் சொன்னார். மிகச் சரி. அதே யோசனை ஒலியளவு ஸ்லைடருக்கும் பொருந்தும் என்பது அப்போது யாருக்கும் படவில்லை.

பில்டில் குரல் குறைந்தது

சில வாரம் கழித்து சோதனையாளர், புதிய பில்டில் வசனம் சன்னமாகக் கேட்கிறது என்று எழுதினார். இசைக்கு அடியில் பேச்சு மூழ்குகிறது, சப்டைட்டில் இல்லாவிட்டால் புரியவில்லை என்றார்.

ஒலி வடிவமைப்பாளர் மூலக் கோப்புகளைத் திறந்து பார்த்தார். அளவு சரியாக இருந்தது. இறக்குமதி அமைப்பைப் பார்த்தார்கள், அதிலும் மாற்றமில்லை. தேதி நெருங்கிவிட்டதால், வசனத்தை இயக்கும் நோடின் ஒலியளவை 6 டெசிபெல் ஏற்றி ஒட்டுப்போட்டார்கள். வீச்சு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். பில்டில் பேச்சு கொஞ்சம் மேலே வந்தது, ஆனாலும் போதவில்லை.

அடுத்த பில்டில் இசையே இல்லை. அதற்கடுத்ததில் இசை திரும்ப வந்துவிட்டது, யாரும் எதையும் திருத்தாமலே. இந்த வந்துபோகும் தன்மைதான் ஆட்களை ரொம்பவும் திசைதிருப்பியது. ஏற்றுமதி செய்யும் கணினியில் கோளாறு, தற்காலிகக் கோப்புகள் கெட்டுவிட்டன என்று சந்தேகம் பல பக்கம் போனது.

ஒரு சின்னத் தடயம் அதற்கு முன்பே கண்ணில் பட்டிருந்தது. கிட்டில் பஸ் அமைப்புக் கோப்பில் அடிக்கடி மோதல் (ஒரே இடத்தை இருவர் வேறு வேறாக மாற்றியது) வந்துகொண்டிருந்தது. ஒலிப் பாதைகளான பஸ்கள், அவற்றின் அளவு, மியூட், சோலோ எல்லாம் எழுதப்பட்ட எளிய உரைக் கோப்பு அது. ஒலி வடிவமைப்பாளர் மட்டுமே தொட வேண்டிய கோப்பு. மோதல் வரும்போதெல்லாம் வசனக்காரர்கள் ஏதோ ஒரு பக்கத்தைத் தேர்ந்து தாண்டிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தாங்கள் தொடாத கோப்பு, புரியாத எண்.

காரணம் தெரிந்தது

கடைசியில் ஒலி வடிவமைப்பாளர் அந்தக் கோப்பின் வரலாற்றை ஒவ்வொரு கமிட்டாக, அதாவது கிட்டில் பதிவான ஒவ்வொரு மாற்றமாக, படித்தார். வசன பஸ்ஸின் அளவு 0 டெசிபெல்லிலிருந்து -18க்கு இறங்கியிருந்தது. -18 என்றால் வீச்சு எட்டில் ஒரு பங்கு. அந்தக் கமிட்டின் குறிப்பில் இருந்ததோ சப்டைட்டில் நேரத் திருத்தம். எழுதியவரைக் கேட்டால், ஆடியோ பலகையைத் திறந்ததே இல்லை என்றார். உண்மைதான், அவர் திறக்கவில்லை.

நிரலாளர் ஒரு காலி ப்ராஜெக்டில் வசன பஸ் ஒன்றை வைத்து, பிளகினைப் போட்டு, ஸ்லைடரை மட்டும் இழுத்துப் பார்த்தார். பஸ் அமைப்புக் கோப்பைப் பக்கத்தில் ஓர் உரை எடிட்டரில் திறந்து வைத்திருந்தார். சேமி என்று எதையும் அழுத்தவில்லை. கை எடுத்த சற்று நேரத்தில் கோப்பிலுள்ள எண் மாறியது.

எடிட்டரும் அதன் ஆடியோ பலகையும் பிளகினும் ஒரே ப்ராசஸில் (ஓடும் ஒரே நிரலில்), ஒலியைக் கையாளும் ஒரே 'ஆடியோசர்வர்' மேல் ஓடுகின்றன. ஆடியோ பலகையில் ஒரு பஸ்ஸை நகர்த்தினால் அது தானாகச் சேமிக்கப்படுகிறது. அதற்காக, பஸ்ஸில் மாற்றம் நடந்தால் சர்வர் ஓர் அடையாளத்தைப் போட்டு வைக்கிறது, பலகை அதைப் பார்த்துக் கோப்பை எழுதுகிறது. மாற்றியது பலகையா, ஒரு ஸ்கிரிப்டா என்று அது கேட்பதில்லை. இதை எஞ்சினின் குறை என்று நான் சொல்ல மாட்டேன். ஒலி வடிவமைப்பாளருக்கு அந்தத் தானியங்கிச் சேமிப்பு வேண்டும். ஆனால் ஓடும் விளையாட்டில் அதே கட்டளை எந்தக் கோப்பையும் தொடாது. விளையாட்டு தனி ப்ராசஸ், மூடினால் எல்லாம் போய்விடும். அந்தப் பழக்கத்தில்தான் நிரலாளர் ஸ்லைடரை வசன பஸ்ஸின் அளவோடு இணைத்திருந்தார். 'வசனம் மட்டும்' பட்டன் இசை பஸ்ஸையும் எஃபெக்ட் பஸ்ஸையும் மியூட் செய்தது.

பட்டனை விட்டால் மியூட் விலகும், கோப்பும் சரியாகிவிடும். பட்டன் அழுத்தியிருக்கும்போது ஒருவர் கமிட் செய்தால் மட்டும் இசையில்லாத பில்டு. வந்துபோனதன் காரணம் இவ்வளவுதான். இன்னொன்று, பிளகின் திறக்கும்போது ஸ்லைடரின் நிலையை பஸ்ஸிலிருந்தே எடுத்தது. ஹெட்ஃபோனில் சத்தம் அதிகம் என்று ஒருவர் குறைத்தது அடுத்தவர் கணினிக்குப் போய், அவர் கேட்கவில்லை என்று ஏற்றி, அது மறுபடி கமிட் ஆகி வந்தது. கிட்டில் மோதலாகத் தெரிந்தது இரண்டு பேருடைய காதுகளின் இழுபறி.

எடுத்த முடிவு

நான்கு வழிகள் பேசப்பட்டன. ஒலி நின்றதும் பஸ்ஸைப் பழைய அளவுக்குத் திருப்புவது முதல் யோசனை. எடிட்டர் நடுவில் விழுந்தால் திருப்ப யாரும் இல்லை, அதற்குள் கோப்பும் எழுதப்பட்டிருக்கும் என்பதால் கைவிட்டார்கள். பஸ் கோப்பை கிட்டின் கண்ணிலிருந்து விலக்குவது இரண்டாவது. ஒலி வடிவமைப்பாளரின் வேலையே அந்தக் கோப்புதான், அதுவும் ஆகாது. முன்னோட்டத்துக்கென்று தனி பஸ் ஒன்றைப் பிளகின் உருவாக்கலாம் என்பது மூன்றாவது. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் பஸ் சேர்ப்பதும் மாற்றம்தான், அதுவும் கோப்பில் ஏறும்.

நான்காவதைத் தேர்ந்தார்கள்: பஸ் பக்கமே போகாமல் பிளேயர் நோடின் சொந்த ஒலியளவை மட்டும் மாற்றுவது. பிளேயர் பிளகினுக்குச் சொந்தம், எந்தக் காட்சியிலும் சேமிக்கப்படுவதில்லை. ஸ்லைடரின் நிலை எடிட்டர் அமைப்பில். சாதாரணமாக முதன்மை பஸ் வழியாக ஒலிக்கும். எஃபெக்டோடு கேட்க வேண்டுமானால் ஒரு குறிப்பெட்டி, பிளேயரை வசன பஸ்ஸுக்குத் திருப்பிவிடும். எந்த பஸ் வழியாகப் போவது என்பது பிளேயரின் பண்பு, பஸ்ஸை மாற்றுவதாகாது.

'வசனம் மட்டும்' பட்டன் போய்விட்டது. அதை எடுக்கலாமா என்று பேசியபோதுதான் ஒன்று புரிந்தது. எடிட்டரில் விளையாட்டின் இசை ஓடுவதே இல்லை, பிளகின் இயக்கும் வசனத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. அந்தப் பட்டன் தேவையே இல்லாமல் இருந்தது.

இயக்கும் பகுதியும் திருந்தியது

கையோடு இயக்கும் பகுதியையும் சீர்செய்தார்கள். தாவிக் கேட்கும் 'சீக்' கட்டளை எதுவும் ஓடாதபோது ஒன்றும் செய்யாது. நிறுத்தி வைத்துவிட்டு அலைவடிவத்தில் வேறிடத்தைச் சொடுக்கினால் பழைய இடத்திலிருந்தே ஒலித்தது அதனால்தான். இப்போது தற்போதைய இடத்தைப் பிளகினே ஒரு மாறியில் வைத்துக்கொள்கிறது. நிறுத்தும்போது இடத்தைக் குறித்துக்கொண்டு பிளேயரை முழுதாக நிறுத்துகிறது, தொடரும்போது அந்த நொடியிலிருந்து புதிதாக இயக்குகிறது.

'ஃபினிஷ்டு' சிக்னல் ஒலி தானாக முடிந்தால் மட்டுமே வரும், நாமே நிறுத்தினால் வராது. பட்டனின் படம் அதை மட்டும் நம்பியிருந்ததால் சில சமயம் 'ஓடுகிறது' என்று காட்டி உறைந்து நின்றது. நிறுத்தும் எல்லா வழியும் ஒரே செயற்கூறு வழியாகப் போகும்படி மாற்றினார்கள். விளையாட்டை ஓட்டிப் பார்க்கும்போது பிளகினின் வசனமும் சேர்ந்து பேசிக்கொண்டிருந்த தொல்லைக்கு, ப்ராஜெக்ட் ஓடப்போகும்போது எஞ்சின் பிளகினைக் கூப்பிடும் 'பில்ட்' செயற்கூறில் ஒலியை நிறுத்திவிட்டு சம்மதம் என்று திருப்பி அனுப்பினால் போதுமாக இருந்தது. அலைவடிவத்தின் மேல் ஓடும் கோட்டை வரைய ஃபிரேம்தோறும் இயங்கும் பகுதி, ஒலி நின்றதும் தானும் அணைந்துவிடும். எடிட்டர் சும்மா இருக்கும்போது வீணாகத் திரையை வரைய வேண்டாம்.

விளைவு

பஸ் கோப்பு பழைய நிலைக்குத் திரும்பியது. உடனே வசனம் காதைப் பிளந்தது. ஒட்டுப்போட்ட 6 டெசிபெல் இன்னும் நோடில் இருந்தது. அதையும் எடுத்தார்கள். அந்த இடைப்பட்ட நாள்களில் ஒலி வடிவமைப்பாளர் இசையின் அளவுகளையும் குறைந்த குரலுக்கு ஏற்றபடி மாற்றியிருந்ததால், சில காட்சிகளின் கலவையைத் திரும்பக் கேட்டுச் சரிசெய்ய வேண்டியிருந்தது. உண்மையான நஷ்டம் இந்த வேலைதான். வசனம் மூழ்குவதாக வந்த புகார் பிறகு வரவில்லை. பஸ் கோப்பில் மோதலும் வருவதில்லை.

மாற்ற வேண்டியவை

இதேபோல் ஒரு பிளகினை மறுபடி தொடங்கினால், முதல் நாளிலேயே காலி ப்ராஜெக்டில் அதன் ஒவ்வொரு பட்டனையும் அழுத்திவிட்டு, கிட்டில் என்னென்ன கோப்பு மாறியிருக்கிறது என்று பார்ப்போம் என்று குழு முடிவு செய்திருக்கிறது. குறி எழுதப்படும் கோப்பைத் தவிர வேறு எது மாறினாலும் அது பிழை. கேட்பதற்கான பட்டன் எதுவும் எந்தக் கோப்பையும் மாற்றக் கூடாது.

பஸ் கோப்பு மாறிய கமிட்டுக்கு எச்சரிக்கை காட்ட ஒரு சின்ன ஸ்கிரிப்டும் போட்டிருக்கிறார்கள். தடுக்காது, கேட்கும். ஒட்டுப்போடும் முன் கோப்பு வரலாற்றைப் பார்ப்பது என்றும் பேசி வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இது எச்சரிக்கை ஸ்கிரிப்டைவிட முக்கியம். 6 டெசிபெல் ஏற்றிய அன்றே வரலாற்றைத் திறந்திருந்தால் கலவையைத் திரும்பச் செய்யும் வேலை வந்திருக்காது.

அலைவடிவம் மட்டும் இன்னும் அரைகுறை. 16 பிட் வேவ் கோப்பின் மாதிரிகளைப் பிளகின் நேரடியாகப் படித்து வரைகிறது. ஆக் வோர்பிஸ் கோப்புக்கு எடிட்டரின் முன்னோட்டப் படத்தை வாங்கி நீட்டிப் போடுகிறார்கள், பெரிதாக்கினால் மங்குகிறது. வசனங்கள் எல்லாம் வேவ் என்பதால் இப்போதைக்கு அதை அப்படியே விட்டிருக்கிறார்கள்.